ஸ்டீம் எடுக்கும் 30 விழுக்காடு உழைத்து வாங்கும் கூலியா?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த மூன்று பேர் சேர்ந்து கணினிக்கு ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். 10 அமெரிக்க டாலருக்கு விற்கலாம் என்று எண்ணம். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு பிடிக்கிறது. போட்டிக் கடைகளான எபிக்கில் 12, இட்ச்சில் 10, சொந்த இணையத்தளத்தில் விற்றால் கார்டுக் கட்டணம் மட்டும். அப்படியிருக்க, ஸ்டீம் அந்த 30-க்கு உண்மையிலேயே உழைக்கிறதா, அல்லது வாசலில் உட்கார்ந்து வசூல் செய்கிறதா?

சர்வருக்கும் பணம் வாங்கித் தருவதற்கும் 30 என்றால் அது அநியாயம். வாங்குபவர்களை அழைத்து வருவதற்கு 30 என்றால், சில கேம்களுக்கு அது மலிவு, சிலவற்றுக்கு வீண் செலவு. உங்கள் கேம் எந்தப் பக்கம் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன்.

முதலில் கட்டண நிலவரம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 30 விழுக்காடு எடுக்கிறது. ஒரு கேமின் வருவாய் 10 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் 25, 50 மில்லியனைத் தாண்டினால் 20. இந்த ஏற்பாடு 2018 இறுதியில் வந்தது. பதிவுக் கட்டணம் கேமுக்கு 100 டாலர். வருவாய் 1,000 டாலரை எட்டியதும் அது திரும்ப வந்துவிடும். 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை 12 எடுக்கிறது. 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டின் முதல் 1 மில்லியன் டாலருக்கு எதுவும் பிடிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் பிசி கேம்களுக்கு 12 ஆக்கியது. இட்ச்சில் இயல்பாக 10, ஆனால் விற்பவரே அதை மாற்றலாம், பூஜ்யம் என்றுகூட வைக்கலாம். ஆப்பிளும் கூகலும் 2021-இல் சிறிய நிறுவனங்களுக்கு, ஆண்டுக்கு 1 மில்லியன் டாலர் வரை, 15 ஆகக் குறைத்தன.

இப்போது ஸ்டீம் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்ப்போம்.

கோப்புகளை அனுப்புவது மிகச் சிறிய செலவு. 5 ஜிபி கேமை 10,000 பேர் இறக்கினால் 50,000 ஜிபி. வெளியில் இந்தச் சேவையை வாங்கினால் ஒரு ஜிபிக்கு 1 சென்ட் முதல் 8 சென்ட் வரை ஆகும். அதாவது 500 முதல் 4,000 டாலர். புதுப்பிப்புகளையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 8,000. அதே 10,000 பிரதிகளில் ஸ்டீமுக்குப் போகும் கமிஷன் 30,000 டாலர். 'சர்வர் செலவு இருக்கிறதே' என்று 30 விழுக்காட்டுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

பணம் வாங்கித் தருவது அதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை. கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் சிங்கப்பூரில் உள்ளூர் கார்டுக்கு 3.4 விழுக்காடும் 50 சிங்கப்பூர்க் காசும் எடுக்கிறது. வெளிநாட்டு கார்டுக்கும் நாணய மாற்றுக்கும் தனிக் கட்டணம். பேடில் மாதிரியான நிறுவனங்கள் தாங்களே விற்பனையாளராக நின்று அந்தந்த நாட்டு வரியையும் கட்டிவிடும். அதற்கு 5 விழுக்காடும் 50 சென்டும். 10 டாலர் கேமுக்கு அது சரியாக 1 டாலர், 10 விழுக்காடு. கவனிக்க வேண்டியது அந்த 50 சென்ட். தள்ளுபடியில் கேமை 4 டாலருக்கு விற்றால் கட்டணம் 70 சென்ட், அதாவது 17.5 விழுக்காடு ஆகிவிடும். சின்னக் கேம்களின் வருமானத்தில் கணிசமான பகுதி தள்ளுபடிக் காலத்தில் வருகிறது என்பதால் இது சாதாரண விஷயமில்லை. ஸ்டீமில் இப்படி நிலையான கட்டணம் கிடையாது.

வரி வேலையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் ஒருவருக்கு சிங்கப்பூரிலிருந்து நேரடியாக டிஜிட்டல் பொருள் விற்றால், முதல் விற்பனையிலிருந்தே மதிப்புக்கூட்டு வரி உண்டு. பதிவு செய்ய வேண்டும், வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்குச் சான்று சேர்க்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும், 10 ஆண்டு ஆவணம் வைத்திருக்க வேண்டும். பிரிட்டனுக்குத் தனி. நம் ஊரிலேயே 2020 முதல் வெளிநாட்டு டிஜிட்டல் விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. இந்தத் தலைவலி முழுவதையும் ஸ்டீம் ஏற்றுக்கொள்கிறது. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இது உண்மையான உதவி. ஆனாலும் பேடில் போன்ற நிறுவனம் 10 டாலர் விலையில் இதே வேலையை 10 விழுக்காட்டுக்குச் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு தொழில்நுட்ப வசதிகள்: சேமிப்புக் கோப்புகளுக்கு கிளவுட், பல ஆட்டக்காரர்களை இணைக்கும் வசதி, கன்ட்ரோலர் அமைப்பு, விண்டோஸ் கேமை லினக்ஸிலும் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலும் ஓட்ட புரோட்டான், ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றங்களை (மாட்) பகிர வொர்க்ஷாப். இணைந்து ஆடும் கேம் செய்பவருக்கு, ஆட்டக்காரர்களின் ஐபி முகவரி வெளியே தெரியாமல் வால்வின் சொந்த வலையமைப்பு வழியாக இணைத்துவிடும் வசதி ஒன்றே பெரிய மிச்சம். ஒற்றை ஆள் ஆடும் கதைக் கேம் செய்பவருக்கு இவற்றில் பாதிக்கு மேல் தேவையே இருக்காது, ஆனால் விகிதம் அதேதான்.

புதுப்பிப்பு அனுப்பும் முறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்டீம் கோப்புகளை ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் கேமின் எல்லாப் படங்களையும் ஒலிகளையும் 4 ஜிபி ஒற்றைப் பேக் கோப்பில் அடைத்து, அதை முழுசாகச் சுருக்கியோ குறியாக்கம் செய்தோ வைத்திருந்தால், ஒரு சின்னப் பிழையைத் திருத்தினாலும் உள்ளே இருக்கும் எல்லாமே இடம் மாறிவிடும். மூன்று வரித் திருத்தத்துக்கு ஆட்டக்காரர் 3 ஜிபி இறக்க நேரும். அந்தக் கோபம் நேரே விமர்சனத்தில் வந்து விழும். பேக்கை நிலைவாரியாகப் பிரியுங்கள், உள்ளே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள், புதிதாகச் சேர்ப்பதைப் புதிய பேக்கில் வையுங்கள், சுருக்குவதை ஸ்டீமிடமே விடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் பொதுவில் தெரியாத சோதனைக் கிளையில் விட்டு, டவுன்லோடு எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகே பொதுவில் விடுங்கள்.

ஆக, கோப்பு அனுப்புவதையும் பணம், வரி வேலைகளையும் முழு விலை விற்பனையில் வெளியில் மலிவாக வாங்கினால் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு. மிச்சம் 18-20 புள்ளி வாங்குபவர்களுக்கான விலை. கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

சமநிலைக் கணக்கு இப்படி. உங்கள் சொந்த முயற்சியில், யூடியூப் வழியாகவோ டிஸ்கார்டு அரட்டைத் தளம் வழியாகவோ, 1,000 பேர் வாங்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு செலவில் நீங்களே விற்றால் 900 பிரதியின் பணம் கையில் நிற்கும். ஸ்டீமில் 70 விழுக்காடுதான் வரும் என்பதால், அதே பணம் கிடைக்க 1,286 பிரதி விற்க வேண்டும். அதாவது ஸ்டீம் தானாக 286 பேரைக் கூட்டி வர வேண்டும். மொத்த விற்பனையில் 22 விழுக்காடு. அதற்கு மேல் கூட்டி வந்தால் ஸ்டீம் தன் கூலியைச் சம்பாதித்துவிட்டது. குறைந்தால் நீங்கள் அதற்குச் சும்மா கொடுக்கிறீர்கள். கமிஷனே இல்லாத எபிக்கோடு ஒப்பிட்டால் இந்த எல்லை 30 விழுக்காடாக உயரும். இதுகூட உங்கள் 1,000 பேரும் சொந்தத் தளத்தில் தயங்காமல் கார்டு எண்ணைத் தருவார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் ஒரு பகுதியினர் 'ஸ்டீமில் வரட்டும், வாங்குகிறேன்' என்று நின்றுவிடுவார்கள்.

இதை அளக்க முடியும். கேம் செய்பவர்களுக்கான ஸ்டீமின் நிர்வாகத் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் உங்கள் கேமுக்கான வருகை அறிக்கை, யார் எங்கிருந்து பக்கத்துக்கு வந்தார்கள் என்று பிரித்துக் காட்டும். ஸ்டீம் பரிந்துரைக்கும் டிஸ்கவரி வரிசை, 'இதைப் போன்றவை' பகுதி, முகப்புப் பக்கம், டேக் பக்கங்கள் ஆகியவற்றிலிருந்து வருவோர் ஸ்டீம் கொண்டு வந்தவர்கள். வெளித்தளங்களிலிருந்து வருவோர் நீங்கள் கொண்டு வந்தவர்கள். பலர் சறுக்குவது தேடலில். ஸ்டீமின் தேடல் பெட்டியில் உங்கள் கேமின் பெயரைத் தட்டி வருபவர் அந்தப் பெயரை வேறெங்கோ கேள்விப்பட்டுத்தான் வருகிறார். அறிக்கையில் அது ஸ்டீமுக்குள் நடந்த வருகையாகத் தெரியும். கணக்கில் அதை உங்கள் பக்கம் எழுத வேண்டும். வெளியில் பகிரும் ஒவ்வொரு இணைப்புக்கும், வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் தனி யுடிஎம் குறியீடு போடுங்கள். ஸ்டீமில் உள்நுழையாமல் வருபவர்களின் வாங்கல் அதில் பதிவாகாது என்பதால் அந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது என்பதற்குப் பெரிய நிறுவனங்களே சாட்சி. ஈஏ 2011-இல் தன் புதிய கேம்களை ஸ்டீமிலிருந்து விலக்கிக்கொண்டு 2019-இல் திரும்பி வந்தது. யுபிசாஃப்ட் 2019-இல் விலகி 2022-இல் திரும்பியது. பெதஸ்தா சொந்த லாஞ்சரை 2022-இல் மூடிவிட்டது. விளம்பரத்துக்கு மில்லியன் கணக்கில் செலவழிக்கக்கூடியவர்கள் இவர்கள். 2025-இல் ஒரே நேரத்தில் 40 மில்லியன் பேர் ஸ்டீமில் இருந்தார்கள். மறுபுறம், 12 விழுக்காட்டில் நடக்கும் எபிக் கடை இன்னும் லாபம் பார்க்கவில்லை என்று அதன் பொறுப்பாளரே 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார்.

ஆனால் அந்தக் கூட்டம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 2024-இல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் ஸ்டீமில் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை முகப்புப் பக்கம் கண்டுகொண்டதே இல்லை. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் கடைத்தொகுதியில் இடம் எடுத்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் அடிப்படை வாடகை உண்டு, அதற்கு மேல் விற்பனையிலும் பங்கு கேட்பார்கள். ஸ்டீமில் விற்காத கேமுக்கு இழப்பு 100 டாலர் மட்டும். ஆகவே 200 பிரதி விற்ற கேமின் பிரச்சினை கமிஷன் அல்ல. அதை 12 ஆக்கினாலும் அந்தக் குழு பிழைக்காது. 30 உண்மையில் கடிப்பது நடுவில் இருப்பவர்களை: ஆண்டுக்கு 100,000 முதல் சில மில்லியன் டாலர் வரை ஈட்டும், சொந்த ரசிகர் கூட்டம் உள்ள ஸ்டூடியோக்களை. அந்த 18 புள்ளி ஒரு புரோகிராமரின் ஆண்டுச் சம்பளமாக இருந்திருக்கும்.

அதனால்தான் வால்வின் படிநிலை எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. 50 மில்லியன் ஈட்டும் நிறுவனத்துக்குச் சலுகை, 50,000 ஈட்டும் குழுவுக்கு முழுக் கட்டணம். ஆப்பிள், கூகல், எபிக் மூன்றுமே முதல் மில்லியனுக்குக் குறைவு என்ற வழிக்கு வந்துவிட்ட பிறகு, வால்வ் மட்டும் மாறாமல் இருப்பதற்கு, மாற வேண்டிய நெருக்கடி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வேறு கடைகளில் குறைந்த விலைக்கு விற்கவிடாமல் வால்வ் தடுக்கிறது என்று வுல்ஃபயர் கேம்ஸ் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அதை டெவலப்பர்களின் கூட்டு வழக்காக நடத்த 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது. வால்வ் குற்றச்சாட்டை மறுக்கிறது.

அடுத்து, சிங்கப்பூர்க் குழுக்கள் ஸ்டீமைத் திட்டும்போது கமிஷனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு 30. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் விற்றதில் உங்கள் பங்கிலிருந்து 30 விழுக்காட்டை வால்வ் பிடித்து அமெரிக்க அரசுக்குக் கட்டிவிடும். இந்திய நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி 15. மலேசியாவுக்கும் இத்தகைய ஒப்பந்தம் இல்லை, அதனால் நிறுவனத்தை ஜொகூரில் பதிவு செய்வதால் பயனில்லை. எபிக்கும் அமெரிக்க நிறுவனம் என்பதால் அங்கே போனாலும் தப்ப முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு, விகிதங்கள் என் ஊகம். வாடிக்கையாளர்கள் மொத்தம் கொடுத்தது 10,000 டாலர். அதில் பல நாட்டு வரி 800, திருப்பிக் கொடுத்த பணம் 1,000. மிச்சம் 8,200. ஸ்டீம் கமிஷன் 2,460. உங்கள் பங்கு 5,740. அதில் 35 விழுக்காடு அமெரிக்க விற்பனை என்றால் 2,009. அதற்கு 30 விழுக்காடு, 603 டாலர் பிடித்தம். கைக்கு வருவது 5,137. திட்டம் போடும்போது '70 விழுக்காடு வரும்' என்று எழுதாதீர்கள், பாதி என்று எழுதுங்கள்.

அந்த 603 டாலரை முழுசாக இழந்ததாகவும் நினைக்க வேண்டாம். வால்வ் ஆண்டுதோறும் 1042-எஸ் என்ற படிவத்தில் பிடித்தத்தைக் காட்டும். ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் கட்டிய வரிக்கும் சிங்கப்பூர் ஒருதலைப்பட்ச வரிக்கழிவு தருகிறது. ஆனால் அதே வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருமோ அதுவரைதான். புதிய நிறுவன வரிவிலக்கில் இருக்கும் குழுவுக்கு இங்கே வரியே சொற்பம், அதனால் கழிவும் சொற்பம். கணக்காளரிடம் முதல் ஆண்டே இந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: பணம் விற்பனை நடந்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதியில்தான் அமெரிக்க டாலரில் வரும், 100 டாலருக்குக் குறைந்தால் தேங்கி நிற்கும். வங்கியில் அமெரிக்க டாலரை அப்படியே வைத்திருக்கும் கணக்கு இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றில் கொஞ்சம் கரையும்.

எப்படியும் 30 கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்டீமிடம் அதற்கு வேலை வாங்குங்கள். கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் இருந்தாக வேண்டும். இவை விதியின் குறைந்தபட்சம். நடைமுறையில் அந்தப் பக்கம் ஆறு மாதமாவது முன்னால் எழும்ப வேண்டும். காரணம் விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஆட்டக்காரர்கள் குறித்துவைக்கும் பட்டியல். வெளியீட்டு நாளன்றும், பிறகு 20 விழுக்காடோ அதற்கு மேலோ தள்ளுபடி வைக்கும்போதும் விஷ்லிஸ்டில் சேர்த்தவர்களுக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். 15 விழுக்காடு தள்ளுபடி வைத்தால் அந்த அஞ்சல் போகாது. ஐந்து விழுக்காட்டை மிச்சம் பிடிக்கப் போய், இலவச விளம்பரத்தைத் தொலைக்கிறார்கள். வரவிருக்கும் கேம்களின் டெமோக்களைக் காட்டும் ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும், ஒரு கேமுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. டெமோ அரைகுறையாக இருந்தால் அடுத்த சுற்றுவரை காத்திருப்பதே மேல்.

விமர்சன மதிப்பீடு 10 விமர்சனம் சேர்ந்த பிறகே பக்கத்தில் தெரியும். ஸ்டீமில் பணம் கொடுத்து வாங்கியவர்களின் விமர்சனம் மட்டுமே அந்த மதிப்பீட்டில் சேரும். நண்பர்களுக்கு நீங்கள் கொடுத்த கீ (கேமை ஸ்டீமில் திறக்கும் குறியீடு) வழியாக வந்தவை சேராது. ஆகவே முதல் வாரத்தில் கீக்களை வாரி இறைக்காதீர்கள். ஆனால் கீ நல்ல ஆயுதமும்கூட: ஸ்டீம் கீயை உங்கள் தளத்திலேயே விற்கலாம், அதில் வால்வ் கமிஷன் எடுக்காது. ஸ்டீமில் இருப்பவர்களுக்கு அதைவிட மோசமான விலை வைக்கக்கூடாது என்பதே நிபந்தனை. முழு ஆட்டமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றால் விலையை அதற்கேற்ப வையுங்கள். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கமிஷன் கணக்கில் தெரியாத ஓர் இழப்பும் உண்டு. வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரியை ஸ்டீம் உங்களுக்குத் தராது. 5,000 பேர் வாங்கினாலும் அடுத்த கேம் வருகிறது என்று நீங்களே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வழியில்லை. கேமின் முதன்மை மெனுவிலேயே அஞ்சல் பட்டியலுக்கும் டிஸ்கார்டுக்கும் இணைப்பு வையுங்கள்.

கடைசியாக, தமிழில் கேம் செய்பவர்களுக்கு. ஸ்டீமின் இடைமுகம் தமிழில் கிடையாது. தமிழ் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும் வழி அதனிடம் இல்லை. தேக்காவில் ஒட்டும் சுவரொட்டி, பள்ளித் தமிழ் மன்றங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வாங்குபவர்களை நீங்கள்தான் கொண்டு வருவீர்கள். மேலே சொன்ன 22 விழுக்காட்டு எல்லையை ஸ்டீம் அங்கே தொடுவது கடினம். ஸ்டீமுக்கு அங்கே இருக்கும் ஒரே பலம் நாட்டுவாரி விலை: சென்னைக்கு ரூபாயில், கோலாலம்பூருக்கு ரிங்கிட்டில், யாழ்ப்பாணத்துக்குத் தெற்காசிய டாலர் விலையில், இங்கே வெள்ளியில். அப்படிப்பட்ட கேமை முதலில் இட்ச்சில் விடுங்கள், கமிஷனை 10-லேயே வையுங்கள், அந்தச் சிறிய கடை பிழைத்திருக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பும் தயாரான பிறகு ஸ்டீமுக்கு 100 டாலர் கட்டுங்கள்.